ஜூலையில் தொடங்கும் பனிக்காலம்

பனி கொட்டி ஓய்ந்த காலையில் ஒரு சிறு மலைப்பண்ணையை முதலில் வாட்டுவது தண்ணீர்க் கவலை. தீவனம் கொட்டகையில் இருக்கிறது, கதவைத் தள்ளினால் எடுத்துவிடலாம். தண்ணீரோ ஓடையில் கிடக்கிறது, ஓடை உறைந்து கிடக்கிறது. கட்டுத்தறியில் நின்று காய்ந்த புல்லை மட்டும் தின்னும் மாடு ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் குடிக்கும். பசும்புல் மேயும் நாட்களில் தேவையான தண்ணீரில் பெரும்பங்கு புல்லோடு சேர்ந்தே உள்ளே போய்விடும். காய்ந்த புல்லில் அந்த ஈரம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகக் கிடப்பதும் தண்ணீர்தானே, அள்ளி உருக்கினால் என்ன என்று தோன்றலாம். புதிதாக விழுந்த பனி பத்து வாளி உருகினால் கிடைப்பது ஒரு வாளித் தண்ணீர். நான்கு மாடுகளுக்கென்றால் நாளுக்கு ஆயிரத்து நானூறு லிட்டர் பனியை அள்ளி, சுமந்து, நிலக்கரி எரித்து உருக்க வேண்டும். அதற்கு ஆளும் இல்லை, கரிக்குக் காசும் இல்லை. ஆகவே இரும்புக் கம்பியும் வாளியுமாக ஓடைக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தின் வடக்கே பென்னைன் மலைகளுக்கு நடுவில் பால்டர்ஸ்டேல் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே லோ பர்க் ஹாட் என்ற எண்பது ஏக்கர் பண்ணையில் ஹன்னா ஹாக்ஸ்வெல் என்ற பெண் இந்த வாளிகளைப் பல ஆண்டுகள் தனி ஆளாகச் சுமந்தார். 1926 ஆகஸ்டில் அதே பள்ளத்தாக்கில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். டாமி என்ற உறவினர் பண்ணையை நடத்தினார். 1958இல் தாய் இறந்தார், 1961இல் டாமியும். முப்பத்தைந்து வயதில் வீட்டில் ஹன்னா மட்டும் மிஞ்சினார். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி மேலே இருக்கும் அந்த வீட்டில் மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு மாடுகளை விற்று வருவதுதான் வருமானத்தில் பெரும்பகுதி. 1970களின் தொடக்கத்தில் அது ஆண்டுக்கு 280 பவுண்டைத் தாண்டவில்லை. பிரிட்டனில் சராசரிச் சம்பளம் அப்போது ஆயிரம் பவுண்டுக்கு மேல்.

அந்தப் பள்ளத்தாக்கு தண்ணீருக்குப் பேர்போனது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பால்டர் ஆற்றை மூன்று இடங்களில் தேக்கியிருக்கிறார்கள். ஹரி, பிளாக்டன் அணைகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தவை. அவற்றுக்கு மேலே பால்டர்ஹெட் அணையை 1960களில் கட்டினார்கள். டீஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் தொழில் நகரங்களுக்கு இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. பிளாக்டன் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது லோ பர்க் ஹாட். எங்கோ இருந்த உருக்காலைக்கும் ரசாயன ஆலைக்கும் குழாய் போட்ட நாடு, அணைக்கருகில் மாட்டோடு வாழ்ந்தவருக்குக் குழாய் போடவில்லை. பனியைக் கடுமையானது என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். ஓடை உறைவது இயற்கையின் வேலை. ஓடையைத் தவிர வேறு வழி இல்லாமல் போவது மனிதர்கள் செய்து வைத்த ஏற்பாடு.

யார்க்ஷயர் தொலைக்காட்சிக்காக பேரி காக்கிராஃப்ட் 1972இல் எடுத்த ‘டூ லாங் எ விண்டர்’ என்ற ஆவணப்படம் 1973 ஜனவரியில் ஒளிபரப்பானபோதுதான் வெளியுலகம் ஹன்னாவைக் கண்டது. படத்தில் வேறு மலைப்பண்ணைக் குடும்பங்களும் வருகின்றன. ஆனால் பார்த்தவர்கள் மனத்தில் நின்றது பனிப்புயலுக்குள் கந்தல் கோட்டோடு மாட்டைக் கயிற்றில் பிடித்து இழுத்து வரும் வெண்தலைப் பெண்தான். அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. எழுபதைப் போல் தெரிந்தது. ஒளிபரப்புக்குப் பிறகு நாள்கணக்கில் நிலையத்தின் தொலைபேசிகள் ஓயவில்லை. கடிதங்களும் பணமும் உணவுப் பொட்டலங்களும் மூட்டை மூட்டையாக வந்தன. ஒரு தொழிற்சாலைப் பணியாளர்கள் திரட்டிய பணத்தால் பண்ணைக்கு மின்சாரம் வந்தது. 1977இல் லண்டன் சவாய் ஹோட்டல் விருந்துக்குச் சிறப்பு விருந்தினராகப் போனார். பின்னாளில் புத்தகங்கள் வந்தன, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணங்கள் வந்தன. இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரிந்தது.

கடிதம் எழுதிய பலரும் அவரை அந்தக் குளிரிலிருந்து வெளியே இழுக்க நினைத்தார்கள். அந்த அன்பைக் குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மின்சாரம் வந்த பிறகும், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்த பிறகும், இன்னும் பதினைந்து குளிர்காலங்கள் அவர் அங்கேதான் இருந்தார். கோடையில் வாழ்கிறேன், குளிரில் வெறுமனே இருக்கிறேன் என்ற பொருள்பட அவர் சொன்னது பலமுறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. வெறுமனே இருந்தவர் அந்த மாதங்களில் ஒரு நாள்கூட ஓய்ந்து உட்காரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. தொழுவத்தில் நிற்கும் உயிர்களுக்கு ஞாயிறும் கிடையாது, காய்ச்சல் விடுப்பும் கிடையாது. டிசம்பர் கடைசியில் அந்த அட்சரேகையில் பகல் ஏழு மணி நேரம்தான். எட்டரைக்கு விடிந்து நாலு மணிக்குள் இருட்டிவிடும். சாணம் வாரி, தண்ணீர் காட்டி, புல் போட்டு, மறுபடி அதையே சாயங்காலம் செய்வதற்குள் வெளிச்சம் தீர்ந்துவிடும். ஒரு மனிதர் தன் ஒருவருக்காக மட்டும் இப்படி எழுந்து போவாரா என்பது சந்தேகம். வாசல்வரை பனி மூடிய காலையில் படுக்கையை விட்டு எழுப்பியது மாடுகளின் பசிதான்.

மாட்டைப் பற்றி வெளியாட்களுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு: குளிர் அதைக் கொன்றுவிடும் என்று. உண்மையில் மாடு தன் வயிற்றுக்குள்ளேயே ஓர் அடுப்பைச் சுமந்து திரிகிறது. முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரை நொதிக்க வைக்கும்போது கிளம்பும் வெப்பம் கொஞ்சநஞ்சமல்ல. நார் கூடக் கூட அந்த வெப்பமும் கூடும். அதனால்தான் கடுங்குளிர் இரவுக்கு முன்னால் அனுபவப்பட்டவர்கள் தானியத்தைக் கூட்டாமல் புல்லைக் கூட்டிப் போடுகிறார்கள். குளிர்காலத்து அடர்ந்த மயிர் உலர்ந்திருந்தால், நல்ல சதைப்பிடிப்புள்ள மாடு மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை தன் உடல்சூட்டைக் காக்கக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதே இல்லை. அதே மாட்டின் மயிர் நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே அது குளிரத் தொடங்கிவிடும். முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே படிந்திருக்கும் மாட்டைப் பார்த்து வழிப்போக்கர்கள் பரிதாபப்படுவார்கள். உள்சூடு வெளியே கசியவில்லை என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. அஞ்ச வேண்டியது பூஜ்யத்தை ஒட்டிய ஈரப்பனி, மழையும் பனியும் கலந்து காற்றோடு அடிக்கும் நாள். பென்னைன் மலைகளில் அத்தகைய நாட்கள்தான் அதிகம்.

படத்தில் வரும் அந்தப் புயல்காட்சியை இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வேறாகத் தெரியும். பாவப்பட்ட பெண் ஒருத்தி புயலில் சிக்கிக்கொண்டாள் என்று பார்த்தவர்கள் அழுதார்கள். அவரோ மாடு முழுக்க நனைவதற்குள் அதைக் கூரைக்குக் கீழே கொண்டுபோய்விட வேண்டும் என்ற கணக்கில், எங்கே கால் வைக்க வேண்டும் என்று தெரிந்து, நடந்துகொண்டிருக்கிறார். தொழில் தெரிந்தவர் தன் தொழிலைச் செய்கிறார். அந்தத் திறமைக்குக் கிடைத்திருக்க வேண்டிய மரியாதையை இரக்கம் மூடிவிட்டது.

வட இங்கிலாந்தின் பழைய பண்ணை அமைப்பே இந்தக் கணக்கை வைத்து எழுந்தது. சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் வயல்களைப் பிரிக்கும். பல வயல்களில் இரண்டு அடுக்குள்ள கற்கொட்டகை ஒன்று நிற்கும். மேல்தளத்தில் புல், கீழே நான்கைந்து மாடுகளுக்குக் கட்டுத்தறி. அந்த வயலில் அறுத்த புல் அந்தக் கொட்டகைக்கே போகும், அந்தக் கொட்டகையின் சாணம் அந்த வயலுக்கே திரும்பும். சுமந்து அலைய வேண்டியதில்லை. ஆனால் மனிதர் அலைய வேண்டும். பனியில் கொட்டகை கொட்டகையாக நாளுக்கு இருமுறை நடந்து, கட்டை அவிழ்த்து, மாடுகளைத் தண்ணீருக்கு ஓட்டி, திரும்பக் கட்ட வேண்டும். வீட்டை ஒட்டியே தொழுவம் அமைந்த பண்ணைகளும் உண்டு. அங்கே நடை மிச்சம், மாடுகளின் சூட்டிலும் சிறிது சுவர் வழியாக மனிதருக்குக் கிடைக்கும்.

கோழிகளுக்குக் குளிரைவிட இருட்டே பெரிய இடைஞ்சல். தடையின்றி முட்டையிட அவற்றுக்குப் பதினான்கு மணி நேர வெளிச்சம் வேண்டும். ஏழு மணி நேரப் பகலில் முட்டை அநேகமாக நின்றே போகும். இன்று மின்விளக்கைப் போட்டு அவற்றை ஏமாற்றுகிறார்கள். விளக்கில்லாத பண்ணையில் பிப்ரவரி வெளிச்சம் நீளும்வரை காத்திருந்தார்கள்.

ஆடுகளின் கதை மாடுகளைவிடக் கொடியது. மலைப்பண்ணைகளின் செம்மறிகள் குளிர்காலத்திலும் வெளியே கிடப்பவை. கறுத்த முகமும் வளைந்த கொம்பும் கொண்ட ஸ்வேல்டேல் செம்மறி அந்த மலைக்கென்றே உருவான இனம். கம்பளி எண்ணெய்ப்பசையுள்ளது, ஈரம் எளிதில் ஏறாது. புயல் அடிக்கும்போது ஆடுகள் காற்றுக்கு மறைவாகக் கற்சுவரின் மறுபக்கம் ஒதுங்கும். காற்று தூக்கிவரும் பனி படிவதும் அந்த மறைவில்தான். ஒதுங்கிய இடமே புதைகுழியாகிவிடுகிறது. ஆனால் புதைந்த ஆடு உடனே சாவதில்லை. ஆழப்பனிக்குள் காற்று புகாது. வெளியே மைனஸ் பத்து என்றாலும் உள்ளே உறைநிலையை ஒட்டியே இருக்கும். மூச்சின் சூட்டில் மேலே ஒரு சிறு துளை திறந்திருக்கும். தன் கம்பளியையே தின்றுகொண்டு இரண்டு மூன்று வாரம் உயிரோடிருந்து வெளியே வந்த ஆடுகள் உண்டு. மேய்ப்பர் நீண்ட கழியால் பனியைக் குத்திக் குத்திப் பார்ப்பார். மோப்பத்தில் தேர்ந்த நாய் இடம் காட்டினால் அங்கே தோண்டுவார்.

ஸ்காட்லாந்தின் எட்ரிக் பகுதியில் மேய்ப்பராக இருந்து எழுத்தாளரான ஜேம்ஸ் ஹாக், 1794 ஜனவரிப் பனிப்புயலைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரே புயலில் பதினேழு மேய்ப்பர்கள் இறந்தார்கள். பனி உருகி வெள்ளம் வடிந்தபின் சால்வே முகத்துவாரத்து மணல்திட்டில் ஒதுங்கிக் கிடந்தவற்றின் கணக்கையும் அவர் தருகிறார்: 1840 செம்மறிகள், ஒன்பது மாடுகள், மூன்று குதிரைகள், இரண்டு ஆண்கள், ஒரு பெண், நாற்பத்தைந்து நாய்கள், நூற்றெண்பது முயல்கள். நாய்களின் எண்ணிக்கையைப் படிக்கும்போது மனம் நின்றுவிடுகிறது. நாற்பத்தைந்து மேய்ச்சல் நாய்கள் என்றால் மந்தையை விடாமல் நின்றவை அத்தனை.

ஹன்னா தன் வாழ்நாளில் இரண்டு பெரும் பனிக்காலங்களைக் கண்டார். 1947இல் அவருக்கு இருபது வயது. அந்த ஆண்டு ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை பிரிட்டனில் ஏதாவதோர் இடத்தில் பனி பெய்யாத நாளே இல்லை. ஏறத்தாழ நாற்பது லட்சம் செம்மறிகள் மடிந்தன. நாட்டின் மந்தையில் கால்வாசி அது. போர் முடிந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை, ரொட்டிக்கும் இறைச்சிக்கும் இன்னும் பங்கீடு நடந்துகொண்டிருந்தது. மலைப்பண்ணைக்கு ஆடு சாவது அந்த ஆண்டு வருமானம் போவதோடு முடிவதில்லை. வேலியில்லாத மலைமேய்ச்சலில் எந்த மந்தை எந்த எல்லைக்குள் மேய வேண்டும் என்பதைக் குட்டி தன் தாயோடு நடந்து கற்றுக்கொள்கிறது. தாய் தலைமுறை பனியில் அழிந்தால் அந்த அறிவும் அறுந்துவிடும். பணம் கொடுத்து வாங்கி வரும் ஆடுகளுக்கு அந்த மலை தெரியாது.

அடுத்தது 1962-63. டிசம்பர் 26 அன்று தொடங்கிய பனி மார்ச் தொடக்கம்வரை தரையை விட்டு நகரவில்லை. 1740க்குப் பிறகு இங்கிலாந்து கண்ட மிகக் குளிரான குளிர்காலம் அது. மத்திய இங்கிலாந்தின் ஜனவரி மாதச் சராசரியே மைனஸ் 2.1 டிகிரி. தனி ஆளாகப் பண்ணையை ஏற்ற ஹன்னாவின் முதல் சில குளிர்காலங்களில் ஒன்று அப்படி வாய்த்தது. அதைத் தாண்டியவருக்கு, பத்தாண்டு கழித்துக் கேமராவோடு வந்தவர்கள் கண்ட குளிர்காலம் சாதாரணமாகத்தான் இருந்திருக்கும்.

இத்தனைக்கும் பனிநாட்கள் பண்ணையின் தேர்வு நாட்கள் அல்ல. தேர்வு முன்னமே முடிந்திருக்கும், ஜூலையில்.

பென்னைன் மலைகளில் மாடுகள் நவம்பர் தொடக்கத்தில் தொழுவத்துக்குள் போனால் மே மாதம்தான் வெளியே வரும். ஆறு மாதத்துக்கு மேல். நடுத்தர மாடு ஒன்று நாளுக்குப் பத்துக் கிலோ காய்ந்த புல் தின்றால், குளிர்காலம் கடக்க ஒரு மாட்டுக்கு இரண்டு டன். உரம் போடாத மலைப்புல்வெளி ஏக்கருக்குச் சுமார் ஒரு டன் தரும், நல்ல ஆண்டில் கொஞ்சம் கூடும். அதாவது ஒவ்வொரு மாட்டின் குளிர்காலத்துக்கும் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் புல்லை அறுத்து, புரட்டி, உலர்த்தி, நனையாமல் உள்ளே சேர்த்திருக்க வேண்டும். அறுவடைக்கு வேண்டியது தொடர்ந்து மூன்று நான்கு உலர்ந்த நாட்கள். மேகம் நினைத்தபோதெல்லாம் வந்திறங்கும் அந்த மலையில் அந்த நான்கு நாட்கள் எளிதில் கிடைக்காது. மழை வரும் என்று தோன்றினால் பரப்பிய புல்லைச் சிறு குவியல்களாகக் கூட்ட வேண்டும், வெயில் வந்தால் மறுபடி பரப்ப வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு அடுக்கினால் குவியலுக்குள் சூடேறும். பூஞ்சை பிடித்தால் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். சூடு மிகுந்தால் கொட்டகையே தீப்பிடிக்கும்.

பிப்ரவரி 2ஆம் தேதி கேண்டில்மஸ் திருநாள். அன்று கொட்டகையில் பாதிப் புல் மிச்சமிருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுப் பண்ணையாரின் பழைய விதி. குளிர்காலத்தின் நடுப்புள்ளி டிசம்பரில் இருப்பதாக நகரத்தார் நினைக்கிறார்கள். மாட்டுக்காரரின் நாட்காட்டியில் அது பிப்ரவரியில் இருக்கிறது. பனி பார்க்க அழகாக இருக்கும் மாதம் ஜனவரி, அஞ்ச வேண்டிய மாதம் மார்ச். பனி விலகியிருக்கும், புல் முளைத்திருக்காது, கொட்டகையின் தரை தெரியத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் இன்னொரு பனிப்புயல் வந்தால்? 2013 மார்ச் கடைசியில் அதுதான் நடந்தது. ஆடுகள் குட்டி போடும் பருவம். வட அயர்லாந்து மலைப்பண்ணைகளுக்கு ராணுவ ஹெலிகாப்டரில் தீவனம் கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்தது. பல பண்ணைகளில் ஆடுகள் குட்டிகளோடு பனியில் புதைந்தன.

இந்த அச்சத்திலிருந்து மலைப்பண்ணையை விடுவித்தவை இரண்டு: மூட்டையில் வந்த நைட்ரஜன் உரம், பிளாஸ்டிக் சுற்றிய பதனப்புல். உரம் போட்டால் புல் இரண்டு மடங்கு வளரும். பதனப்புல் முழுக்க உலர வேண்டியதில்லை. அறுத்து, ஒருநாள் வாடவிட்டு, உருட்டி, காற்று புகாமல் சுற்றிவிட்டால் ஊறுகாய்ப் பதத்தில் மாதக்கணக்கில் கெடாது. நான்கு நாள் வெயிலுக்காக வானத்தைப் பார்த்து நிற்க வேண்டாம். ஜூலைவரை காத்திருக்கவும் வேண்டாம், மே கடைசியிலேயே ஒரு அறுப்பு, பிறகு இன்னொன்று. பிப்ரவரியில் கொட்டகையில் எவ்வளவு மிச்சம் என்று எண்ணிக்கொண்டு தூங்காமல் கிடந்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் சுலபமாக மறந்துவிடுவார். அந்த விடுதலையைத் தேர்ந்தவர்களைக் குறை சொல்ல எந்த எழுத்தாளருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. மே மாதத்தில் அறுத்தால் பெரும்பாலான காட்டுப்பூக்கள் விதைக்காது. உரம் போட்டால் வேகமாக வளரும் இரண்டு மூன்று புல்வகைகள் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். 1930களுக்குப் பிறகு இங்கிலாந்தும் வேல்ஸும் தங்கள் பூப்புல்வெளிகளில் 97 விழுக்காட்டை இழந்தன. மலைநாட்டின் பழைய வகைப் புல்வெளி பிரிட்டன் முழுவதிலும் ஆயிரம் ஹெக்டேர்கூட மிச்சமில்லை.

லோ பர்க் ஹாட்டில் அந்த விடுதலை வரவே இல்லை. உரம் வாங்கப் பணமில்லை. மறுவிதைப்பும் நடக்கவில்லை. சாணத்தை மட்டும் போட்டு, பூக்கள் விதைத்து ஓய்ந்த பிறகு அறுத்து, மறுவளர்ச்சியை மாடுகளுக்கு மேயவிட்டார்கள். தலைமுறையாக இதே சுழற்சி. 1988இல் அறுபத்திரண்டு வயதில், இனி ஒரு குளிர்காலத்தைத் தாங்க உடம்பு இடம்கொடாது என்று ஹன்னா பண்ணையை விற்றுவிட்டு அருகிலுள்ள காதர்ஸ்டன் கிராமத்தில் ஒரு சிறு வீட்டுக்குப் போனார். அவருடைய புல்வெளிகளை டர்ஹம் வனவுயிர் அறக்கட்டளை வாங்கியது. அறிவியல் முக்கியத்துவமுள்ள இடமாக அது அரசால் அறிவிக்கப்பட்டது. இன்று அதன் பெயர் ‘ஹன்னாவின் புல்வெளி’. ஜூன் மாதத்தில் போகிறவர்கள் ஊதா நிற வுட் கிரேன்ஸ்பில் மலர்களையும், மஞ்சள் உருண்டையாக மூடியே இருக்கும் குளோப் பிளவரையும், சதுப்பு மூலைகளில் ராகட் ராபினையும், மண்டியிட்டுத் தேடினால் மட்டும் தென்படும் ஆடர்ஸ் டங் பெரணியையும் காணலாம்.

அங்கே போகிறவர்கள் ஒன்றைச் சேர்த்து நினைக்க வேண்டும். இந்தப் பூக்கள் அழகுக்காகக் காப்பாற்றப்பட்டவை அல்ல. இவை மாட்டுத் தீவனத்தின் பகுதி. ஜனவரிப் பனியில் தொழுவத்தில் நின்ற மாடு மென்றது இந்தக் கிரேன்ஸ்பில்லையும் க்ளோவரையும் சேர்த்துத்தான். 1973இல் நாடு ஹன்னாவின் குளிர்காலத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டது, 1988க்குப் பிறகு அவருடைய புல்வெளியைப் பார்த்து வியந்தது. இரண்டும் ஒரே பண்ணையின் ஒரே ஆண்டு. புல்வெளியைப் புகழ்ந்துவிட்டு அந்தக் குளிர்காலத்தை மறப்பது, வறுமைக்கு நன்றி சொல்வதில் போய் முடியும். அது அநியாயம். ஹன்னா ஏழையாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் காத்துக் கொடுத்ததற்கு, காத்துக்கொண்டிருந்த காலத்திலேயே நாடு கூலி கொடுத்திருக்கலாம்.

ஹன்னா 2018 ஜனவரி 30 அன்று தொண்ணூற்றொன்றாவது வயதில் மறைந்தார். ஒரு மாதத்துக்குள், பிப்ரவரி கடைசியில், சைபீரியக் காற்று பிரிட்டன்மேல் இறங்கிச் சாலைகளை மூடியது. ஓடையில் பனி உடைக்கும் நிலையில் அப்போது பெரும்பாலோர் இல்லை. தானியங்கித் தண்ணீர்த் தொட்டிகளின் குழாய்கள் உறைந்து வெடித்தன. பால்வண்டி பண்ணைவரை வர முடியாமல் கறந்த பாலை ஆயிரக்கணக்கான லிட்டராகத் தரையில் கொட்டினார்கள். மடி நிறைந்த மாட்டைக் கறக்காமல் விட முடியாது, கறந்த பாலை வைக்க இடமில்லை. ஓடையும் கொட்டகையும் இருந்த பண்ணை தன் எல்லைக்குள்ளேயே பனியைச் சமாளிக்க வேண்டியிருந்தது. இன்றைய பண்ணை சாலை, மின்சாரம், டீசல் மூன்றும் ஒருசேர நிற்காமல் இருக்க வேண்டும் என்று நம்பி இருக்கிறது.

வடக்கு பென்னைன் மலைகளில் இப்போது பழைய புல்வெளிகளை மீட்கும் வேலை நடக்கிறது. எஞ்சியிருக்கும் நல்ல புல்வெளிகளிலிருந்து கோடைக் கடைசியில் விதை சேகரித்து, பூவிழந்த வயல்களில் தூவுகிறார்கள். முதலில் வேரூன்ற வேண்டியது எல்லோ ராட்டில் என்ற சிறு மஞ்சள் பூச்செடி. காய்ந்த நெற்றுக்குள் விதை கலகலக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அறுக்கலாம் என்று முன்னாளில் கணக்கு வைத்திருந்தார்கள். இந்தச் செடி புல்லின் வேரில் தன் வேரைச் செருகிச் சத்தை உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி. உரத்தில் கொழுத்த புல்லை இது தளர்த்திவிட்டால், மற்றப் பூக்களுக்கு இடம் கிடைக்கும். இதன் விதைக்கு ஒரு நிபந்தனை உண்டு. மாதக்கணக்கில் கடுங்குளிர் படாமல் முளைக்காது. வசந்தத்தில் தூவினால் அந்த ஆண்டு வீண். ஆகவே இலையுதிர்காலத்தில் தூவி, மாடுகளை மேலே நடக்கவிட்டு மண்ணில் மிதிபடச் செய்கிறார்கள். உரத்தை நிறுத்தியதால் தீவனம் குறைகிறது, அந்தக் குறைக்கு இப்போது அரசுத் திட்டங்கள் மூலம் பண்ணையாருக்கு ஹெக்டேர் கணக்கில் பணம் தரப்படுகிறது. அந்தப் பணம் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வருமா என்று தெரிந்தால்தான் அவர் அடுத்த வயலிலும் உரத்தை நிறுத்துவார். அதற்குள் குளிர்காலத்துக்கு எத்தனை மாடுகளை வைத்துக்கொள்வது, எத்தனையை அக்டோபர்ச் சந்தையில் விற்பது என்றும் அவர் முடிவெடுக்க வேண்டும்.